பியர் புளிக்கவில்லை என்று வந்தவர்கள்

ஈஸ்ட் விற்கிறவளிடம் யாரும் ஈஸ்ட் வாங்க வருவதில்லை; போன தடவை வாங்கிய ஈஸ்ட்டைக் கெடுத்த கதையைச் சொல்லி, அந்தப் பழியை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போகத்தான் வருகிறார்கள். மருந்துக் கடையிலோ தையல் கடையிலோ போன் திருத்துகிற கடையிலோ மேசைக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை. "நீங்கள் சொன்னபடிதான் செய்தேன்" என்று ஒருவர் தொடங்கினால், நாம் சொன்னதில் ஒன்றைக்கூட அவர் செய்யவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் மொன்றியலில், வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். முதல் ஆறு வருடம் பின் அறையில் பார்லி அரைத்தேன். பிறகு முன்பக்கம் வந்தேன். நான் பியர் குடிப்பதில்லை. மணந்து பார்ப்பேன், தேவையென்றால் வாயில் வைத்துத் துப்புவேன். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது, மூக்கு நிற்கவில்லை. ஒரு பியரை மணந்தால், அதைக் காய்ச்சியவர் வாளியை எந்த அறையில் வைத்தார் என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முளைவிட்ட பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுக்கவேண்டும். அதைக் கசப்புக்கு ஹொப்ஸ் பூப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வாளியில் ஊற்றி, பக்கெட் என்கிற சின்னக் காகித உறையில் வருகிற ஈஸ்ட்டைத் தூவவேண்டும். ஈஸ்ட் சீனியைத் தின்று பியராக்கும். ஈஸ்ட்டில் பெரிய சாதி இரண்டு. ஏல் ஈஸ்ட் வீட்டுச் சூட்டில் வேகமாக வேலை செய்யும், போகும்போது கொஞ்சம் பழ வாசம் விட்டுப்போகும். லாகர் ஈஸ்ட் பத்து, பன்னிரண்டு பாகைக் குளிரில் மெதுவாக வேலை செய்யும், ஒரு வாசமும் விடாது. இப்போது எல்லோருக்கும் வேண்டியது அந்த ஒரு வாசமும் இல்லாத பியர்தான். தெளிந்து, மஞ்சளாக, சுத்தமாக. அது லேசு என்று நினைக்கிறார்கள். குழம்பில் உப்புக் கூடினால் தேங்காய்ப்பால் விட்டுச் சமாளிக்கலாம். வெறும் சோறு குழைந்தால் எதை விட்டுச் சமாளிப்பது?

ஒரு பிரிட்ஜ், இரண்டு பேர்

கடையின் சொந்தக்காரர் ரெஜான் அறுபது தாண்டிய மனிதர். போன ஒக்டோபர் மாதம் என்னையும் பஸ்காலையும் கூப்பிட்டு, ஈஸ்ட் பிரிட்ஜுக்கும் ஆலோசனை சொல்வதற்கும் இனி ஒரு ஆள்தான், மற்றவர் பின் அறைக்கு என்றார். பஸ்கால் என் கூட வேலை செய்கிறவர், முப்பத்தெட்டு வயது, பியர் நுட்பம் படித்து சேர்ட்டிபிகேட் எடுத்தவர். அதைச் சட்டம் போட்டு, பில் போடும் மேசைக்கு மேலே தானே ஆணியடித்து மாட்டியவரும் அவர்தான். பின் அறை என்றால் பார்லி அரைக்கிற அறை. அந்த மாவுத் தூசு எனக்கு ஆறு வருடத்தில் தந்த இருமல் போக மூன்று வருடம் எடுத்தது. திரும்ப அந்த அறைக்கு அனுப்பினால் நெஞ்சைக் கெடுத்துக்கொள்ளவேண்டும், அல்லது வேலையை விடவேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், பிரெஞ்சை எழுத்துக்கூட்டி வாசிக்கிற எனக்கு, வேறு யார் வேலை தருவார்கள்?

யாரைத் தெரிவுசெய்வது என்பதற்கு ரெஜான் ஒரு வழி வைத்திருந்தார். மார்ச் மாதக் கடைசியில் கடையில் ஒரு ருசி பார்க்கும் நாள். பஸ்காலின் ஆலோசனையில் மூன்று வாடிக்கையாளர்கள், என் ஆலோசனையில் மூன்று பேர், லாகர் மாதிரிச் சுத்தமான பியர் காய்ச்சிக்கொண்டு வரவேண்டும். யாருடைய ஆட்களின் பியர் நல்லதோ, அவருக்கு பிரிட்ஜ். நான் காய்ச்சுவதாக இருந்தால் பயமில்லை. காய்ச்சப்போவது அவர்கள். "சொன்னபடி செய்யமாட்டினமே" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கெஞ்சினேன். ரெஜான் பிரெஞ்சில் சொன்ன பதிலை என் தமிழில் எழுதுகிறேன், இனி வருகிறவர்களுடையதையும் அப்படியே:

"பயப்பிடாதேங்கோ மதாம் ரதி, சொல்லுக் கேளாத விசரரை உங்கள் ரெண்டு பேருக்கும் சரி பாதியாத்தான் பிரிச்சு விடுவன்."

பக்கெட்டில் எழுதியிருப்பது

என் பங்குக்கு வந்த முதல் ஆள் டவுன்டவுனில் கணக்காளர். இணையத்தில் இருந்து இருபது பக்கம் அச்சடித்துக்கொண்டு வந்தார். எந்த ஈஸ்ட் சீனியில் எத்தனை வீதம் தின்னும், எத்தனை நாளில் அடியில் படியும், எல்லாம் மனப்பாடம். வாளியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். படுக்கை அறை அலுமாரி. அலுமாரியில் என்ன சூடு? இருபத்துநாலு பாகை, கட்டிடத்தின் ஹீட்டர், தன் கையில் இல்லை. அப்படியென்றால் உங்களுக்கு லாகர் ஈஸ்ட் சரிவராது, வாசம் விடாத ஏல் ஈஸ்ட் ஒன்று இருக்கிறது, குளியலறைத் தரையில் பதினேழு பாகையில் வையுங்கள், முக்கால்வாசிப் பேருக்கு வித்தியாசம் தெரியாது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருபது பக்கத்தில் குளியலறைத் தரையைப் பற்றி ஒரு வரியும் இல்லைப் போலும். லாகர் ஈஸ்ட்டையே வாங்கிக்கொண்டு போனார்.

நாலு கிழமையால் ஒரு போத்தலோடு வந்தார். மூடியைத் திறந்ததும் கடை முழுக்க வாழைப்பழம். பழக்கடைக்காரன் தோற்றுப்போவான். ஈஸ்ட் பழுது, மாற்றித் தாருங்கள் என்றார். குளிருக்குப் பிறந்ததைச் சூட்டில் அடைத்துவைத்தால் அது பதறும், பதறினால் பழம் மணக்கும் என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் வெறும் பக்கெட்டைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து, வழக்காடுகிற மாதிரி என் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"இஞ்ச பாருங்கோ மதாம், லாகர் எண்டு பெரிய எழுத்தில போட்டிருக்கு, அப்ப அது லாகர்தானே செய்ய வேணும்?"

முட்டை நாற்றம்

இரண்டாவது ஆள் நல்லவர். வெறும் நல்லவர். வீட்டுக்குக் கீழே ஹீட்டர் இல்லாத சாமான் அறை இருந்தது, பன்னிரண்டு பாகை. லாகருக்கு இதைவிட நல்ல அறை கிடைக்காது. ஜெர்மன் ஈஸ்ட், குளிருக்கு இரண்டு பக்கெட் போடவேண்டும் என்றேன். போட்டார். சாறு நன்றாக ஆறிய பிறகு போடவேண்டும் என்றேன். அப்படியே போட்டார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதைக் கேட்கிறார் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஒன்றை மட்டும் சொல்ல மறந்துபோனேன். லாகர் ஈஸ்ட் வேலை செய்யும்போது அழுகின முட்டை மாதிரி நாறும். அது குற்றமில்லை, குளிரில் ஆறவைத்தால் தானே போய்விடும்.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி சாமான் அறைக்கு உருளைக்கிழங்கு எடுக்கப் போயிருக்கிறார். அழுகின முட்டை மணந்தால் காஸ் ஒழுகுகிறது என்று இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பனிக்குள் செருப்போடு வெளியே ஓடி, தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார். மேல் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் போர்வையோடு தெருவில். தொப்பி போட்ட நாலு பேர் கருவியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, ஒரு வாளியைக் கண்டுபிடித்து மேலே வந்தார்களாம். அன்று பின்னேரம் அந்த அம்மா எனக்குப் போன் பண்ணினார். ஈஸ்ட் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்றேன். கடைசி மூன்று நாளும் வாளியைக் கொஞ்சம் சூடான இடத்துக்கு, மேலே குசினிக்குக் கொண்டுவரவேண்டும், இல்லாவிட்டால் பியரில் பட்டர் மணக்கும் என்றும் சொன்னேன். அதைச் சொல்ல அது நேரமில்லை என்று பிறகுதான் விளங்கியது.

"மதாம், அந்த வாளி என்ர குசினிக்குள்ள வந்தா, அதைத் தூக்கிக்கொண்டு வாற மனுசனும் வாளியோட வெளியிலதான் நிப்பார்."

போர்வை

இடையில், போட்டிக்குச் சம்பந்தமில்லாத ஒரு அம்மா. புரோசார்டில் இருந்து பஸ் பிடித்து வருகிறவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. லாகர் வாளியைக் காருக்கு ஒதுக்கின அறையில் வைக்கச் சொல்லியிருந்தேன். வைத்திருக்கிறார். ஆனால் அதற்குக் கம்பளிப் போர்வை சுற்றி, தலைக்குத் தொப்பியும் போட்டிருக்கிறார். போனில் படம் எடுத்து என்னிடம் பெருமையாகக் காட்டினார். தொப்பியில் குஞ்சம் வேறு. குளிர் வேண்டும் என்றுதானே அங்கே வைக்கச் சொன்னேன் என்று கேட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளைப் படிப்பித்தவர் என்னைப் பிள்ளையாகப் பார்த்துச் சிரித்தார்.

"குளிர் வேணும்தான், ஆனா அதுகளும் உயிர் எல்லோ, பாவங்கள், சளி பிடிச்சா என்ன செய்யிறது?"

விளங்காத பேச்சு

பஸ்கால் பேசுவதை மேசையின் மறுபக்கம் நின்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒருவர் வந்து, சுத்தமான பியருக்கு எந்த ஈஸ்ட் நல்லது என்று கேட்டால் நான் பக்கெட்டை எடுத்துக் கொடுத்து, இத்தனை பாகை, இத்தனை நாள், திறந்து திறந்து பார்க்காதேங்கோ என்பேன். இரண்டு நிமிடம். பஸ்கால் முதலில் அந்த ஆளின் தண்ணீரைப் பற்றிக் கேட்பார். பிறகு ஒரு மில்லிலீற்றரில் எத்தனை கோடி ஈஸ்ட் என்பார். வெள்ளைப் பலகையில் மேலே போய்க் கீழே விழுகிற ஒரு கோடு கீறுவார். வந்தவருக்கு வேர்த்துவிடும். இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்த மனிதர் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார் தெரியுமா? பஸ்கால் சொன்னதை அப்படியே செய்கிறார். ஒரு பாகை பிசகாமல் செய்கிறார்.

இதை யோசித்து யோசித்து எனக்கு நித்திரை கெட்டது. கடைசியில் விளங்கியது. அவர் சொல்வது ஒருவருக்கும் விளங்குவதில்லை, அதனால் பயந்து சொன்னபடி செய்கிறார்கள். நான் சொல்வது விளங்கிவிடுகிறது, அதனால் திருத்திச் செய்கிறார்கள். ஜனவரியில் ஒருநாள், பிரிட்ஜ் கதவு சரியாகப் பூட்டியதா என்று நான் மூன்றாம் தரம் போய் இழுத்துப் பார்த்தபோது, பஸ்கால் தன் தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"மதாம் ரதி, கதவை நம்புங்கோ, நீங்கள் நம்பக்கூடாதது உங்கட வாடிக்கையாளரைத்தான்."

புளிக்கேல்லை

மூன்றாவது ஆள் நம்முடைய ஆள். பரா அண்ணை. யாழ்ப்பாணம், டவுன்டவுனில் ஒரு உணவுக்கடைக் குசினியில் இருபத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். மேசைக்குப் பின்னால் ஒரு தமிழ்ப் பெண் நிற்கிறாள் என்று யாரோ சொல்ல, ஜனவரிக் குளிரில் வந்திருந்தார். பிரெஞ்சில் வாய் நோகக் கதைக்கிற எனக்குத் தமிழில் சொல்லக் கிடைத்தது பெரிய ஆறுதல். இருக்கிறதிலேயே சின்ன வாளியைக் கேட்டார், எட்டு லீற்றர். ஏன் இவ்வளவு சின்னது என்று அப்போதே கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. ஜெர்மன் ஈஸ்ட்டைக் கொடுத்து, "அண்ணை, குளிரான இடமாப் பார்த்து வையுங்கோ, அவசரப்படாதேங்கோ, நல்லாப் புளிக்க விடுங்கோ" என்றேன். தமிழில் சொன்னேன், தமிழனுக்குச் சொன்னேன், இதில் பிழை வராது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

பெப்ரவரி நடுவில் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. "தங்கச்சி, உன்ர ஈஸ்ட் சரியில்லை. ரெண்டு நாள் பொங்கிச்சுது, பேந்து சத்தமில்லை. எடுத்து வாயில வச்சுப் பார்த்தன். புளிக்கேல்லை."

"எங்க வச்சனீங்கள்?"

"அவணுக்குள்ள. லைட்டைப் போட்டுவிட்டு."

உங்களில் பாதிப் பேருக்கு இது விளங்கியிருக்கும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஊர்க் குளிரில் தோசை மா புளிப்பதில்லை. ஆகவே மாச் சட்டியை, கேக் சுடுகிற அவண் அடுப்புக்குள் வைத்து உள்ளே இருக்கிற லைட்டை மட்டும் போட்டுவிடுவோம். விடிய மா பொங்கி நிற்கும். நான் அப்படித்தான் செய்கிறேன். பரா அண்ணையின் மனைவியும் அப்படித்தான் செய்கிறார். அண்ணை அவண் தட்டுகளைக் கழற்றிவிட்டு, அதற்குள் போகிற அளவுக்குப் பார்த்து வாளி வாங்கி, லாகரை முப்பது பாகைக்கு மேலே வேகவைத்திருக்கிறார். "குளிரான இடம் எண்டு சொன்னனான் எல்லோ?" என்று கேட்டேன். "குளிருக்குள்ள வச்சா எப்பிடிப் புளிக்கும்? புளிக்க விடு எண்டும் நீதானே சொன்னனி?" என்றார்.

பிழை என்னுடையது. ஈஸ்ட் சீனியைத் தின்று பொங்குவதற்கும் நம் வாயில் புளிப்பு என்கிறோம், தயிர் புளிப்பதற்கும் அதே சொல். இரண்டு நாளில் ஈஸ்ட் தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் அண்ணை புளிப்புக்காகக் காத்திருந்திருக்கிறார். காத்திருந்து பார்த்து, காணாது என்று, பிரிட்ஜில் மிச்சம் கிடந்த பழைய தோசை மாவில் ஒரு அகப்பை அள்ளி வாளிக்குள் விட்டிருக்கிறார். கொண்டுவந்த போத்தலை மணந்து பார்த்தேன். உழுந்தும் பழமும் காடியும் சேர்ந்த ஒன்று. ருசி பார்க்கும் நாளில் என் பெயரில் மேசைக்கு வரப்போகிற பியர் அது. அண்ணைக்கு அந்தக் கவலை ஒன்றுமில்லை, வேறு கவலை இருந்தது.

"உதை விடு தங்கச்சி, மூண்டு கிழமையா அவண் என்னட்டை, வீட்டில தோசை இல்லை, மனுசி என்னோட கதைக்கிறேல்லை."

வேறு சொல்

அன்று பின்னேரம் மெட்ரோவில் நின்றுகொண்டே யோசித்தேன். ருசி பார்க்கும் நாளுக்கு இன்னும் ஆறு கிழமைதான் இருந்தது. லாகர் ஈஸ்ட்டுக்கு அது காணாது. பொங்கி முடிந்த பிறகும் அது குளிரில் மாதக்கணக்கில் ஆறவேண்டும். அண்ணையின் வீட்டில் குளிரான இடமும் இல்லை, இருந்தாலும் அவர் அதை நம்பமாட்டார். அவரைத் திருத்த முடியாது. அவணுக்கு ஏற்ற ஈஸ்ட்டைத்தான் தேடவேண்டும். நோர்வே நாட்டுப் பண்ணைகளில் இருந்து வந்த ஈஸ்ட் சில இருக்கின்றன. முப்பத்தைந்து பாகைச் சூட்டிலும் பதறாது. அதில் பல தோடம்பழம் மணக்கும். ஒன்று மட்டும் சுத்தம். லாகர் இல்லை, ஆனால் லாகர் மாதிரி. பஸ்கால் அதை மனிதர் தொடமாட்டார் என்று பிரிட்ஜின் கீழ்த் தட்டில் போட்டுவைத்திருந்தார்.

மற்றநாள் அண்ணையைக் கூப்பிட்டு அந்தப் பக்கெட்டைக் கொடுத்தேன். இந்த முறை சொல்லைப் பார்த்துப் பேசவேண்டும். நல்ல தமிழில் இதற்கு நொதித்தல் என்று சொல்வார்களாம், என் மகள்தான் போனில் தேடிச் சொன்னாள். "அண்ணை, அவணுக்குள்ளயே வையுங்கோ, நொதிக்க விட்டாக் காணும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "என்ன, நொந்துபோக விடுறதோ?" என்றார். சரி என்று அவருடைய சொல்லுக்கே வந்தேன். பொங்கும், பொங்கி அடங்கும், அடங்கினவுடன் போத்தலில் அடையுங்கோ, வாயில் வைத்துப் பார்க்காதேங்கோ, புளிக்கவே கூடாது. மூன்று தரம் சொல்ல வைத்தேன். நாலாம் தரம் அவர் ரோசப்பட்டுத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"பொங்கி அடங்கிறதெண்டா எனக்குத் தெரியாதே, முப்பத்தாறு வருஷம் உன்ர அக்காவோட குடும்பம் நடத்துறன்."

ருசி பார்த்த நாள்

மார்ச் மாதக் கடைசிச் சனிக்கிழமை, மத்தியானம். ரெஜானும், பியர் காய்ச்சி விற்கிற அவருடைய நண்பர்கள் இரண்டு பேரும் மேசையில். ஆறு கிளாசுக்கும் இலக்கம் மட்டும். நான் ஒரு மூலையில் நின்று விரல்களைத் திருகிக்கொண்டிருந்தேன். முதலில் கணக்காளருடையது. இந்த முறை ஏல் ஈஸ்ட்தான் விற்றிருந்தேன். ஆனால் வீட்டில் இன்னொரு லாகர் பக்கெட் மிச்சம் இருந்ததாம், வீணாக்கக்கூடாது என்று அதையே அதே அலுமாரியில் போட்டிருக்கிறார். வாழைப்பழம். அடுத்தது முட்டை நாற்றக்காரருடையது. முட்டை போயிருந்தது. ஆனால் வாளி குசினிக்கு ஏறவேயில்லை, ஆகவே பட்டர். நடுவர் ஒருவர் அதைப் பூசிச் சாப்பிடப் பாண் துண்டு இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாவது பரா அண்ணையுடையது. மூன்று பேரும் குடித்தார்கள். திரும்பக் குடித்தார்கள். தெளிவு, சுத்தம், ஒரு குறையும் இல்லை என்றார்கள். அண்ணை அதைப் பிரெஞ்சில் விளங்கிக்கொண்டு எல்லோருக்கும் தலையை ஆட்டினார்.

அதற்கு மேலே சொல்ல என்ன இருக்கிறது? பஸ்காலின் மூன்று ஆட்களின் பியரும் குறையில்லை. மூன்றுக்கு மூன்று. நான் மூன்றுக்கு ஒன்று. ரெஜான் நாகரிகமான மனிதர், புள்ளித் தாளைக் கவிழ்த்து வைத்தார். நான் பின் அறைக் கதவைப் பார்த்தேன். இப்போதே நெஞ்சு அரிக்கிற மாதிரி இருந்தது.

ரெஜான் எழும்பிப் போய், பஸ்காலின் வெற்றியாளர் ஒருவருடைய கையைக் குலுக்கி, "அடுத்த முறைக்கு எந்த ஈஸ்ட் எடுத்துத் தர?" என்று கேட்டார். அந்த மனிதர் கையை நெஞ்சில் வைத்து, தேவையில்லை மெர்சி என்றார். வாளியின் அடியில் படிகிற ஈஸ்ட்டை எடுத்துக் கழுவி, ஜாமுக்குப் பாவித்த போத்தலில் போட்டு, வீட்டு பிரிட்ஜில் வைத்துத் திரும்பத் திரும்பப் பாவிக்கும் முறையை பஸ்கால் அருமையாகப் படிப்பித்திருக்கிறார். நவம்பரில் வாங்கிய ஒரு பக்கெட்டில் இது நாலாவது வாளி. மற்ற இரண்டு பேரும் தாங்களும் அப்படித்தான் என்றார்கள். ஒருவர் போத்தலின் படத்தைக்கூடக் காட்டினார். பஸ்கால் பெருமையில் சிவந்து நின்றார். ரெஜானும் சிவந்தார், ஆனால் அது வேறு சிவப்பு. அந்த நேரம் பில் போடும் மேசையில் ஒரு வரிசை நின்றது. கணக்காளர், கையில் லாகர் பக்கெட். அவருக்குப் பின்னால் முட்டை நாற்றக்காரர், நாறாதது ஏதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு. அவருக்குப் பின்னால் பரா அண்ணை, நோர்வே பக்கெட் ஆறு, பெரிய அவண் வாங்கப்போகிறாராம்.

திங்கட்கிழமை காலமை ரெஜான் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பஸ்கால் உண்மையில் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவர் என்று எங்கள் முகத்துக்கு முன்னாலேயே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, பிரிட்ஜ் உங்களுக்கு என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. வென்றேன் என்று சந்தோஷப்பட எனக்கு முகம் வரவில்லை. மாவுத் தூசுக்கு நான் பாவித்த பழைய முகமூடியை அலுமாரியில் தேடி எடுத்து, கழுவி, பஸ்காலிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி மாட்டிக்கொண்டு, சுவரில் இருந்த சேர்ட்டிபிகேட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.

"பரவாயில்லை மதாம் ரதி, இனி நான் பார்லிக்குப் படிப்பிக்கிறன், அது படிச்சு முடிச்சுப்போட்டுக் கடையை விட்டுப் போகாது."

ஆக, நான் இன்றைக்கும் இருமாமல் முன்பக்கம் நிற்கிறேன் என்றால், அது என் பேச்சைக் கேட்டவர்களால் அல்ல, கேட்காதவர்களால்தான்.